மீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா?

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பல, வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

இத்தகைய நாட்களில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா, இல்லையா?" ஊருக்கே மின்சாரம் வரவில்லை, ஆகவே கம்பியிலும் இருக்காது என்று நினைப்பது பெருந்தவறு. பக்கத்து வீட்டில் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம். மெயின் ஸ்விட்சை அணைக்காமல் அதை வீட்டு ஒயரிங்கில் கோத்துவிட்டால், மின்சாரம் பின்வழியாகத் தெருக் கம்பிக்கும் போய்விடும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தியும் விடலாம்.

சரி, உங்கள் கையில் புதிதாக வாங்கிய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அணைத்து வைத்த வீட்டுக் கம்பி ஒன்றில் அது 87 வோல்ட் என்று காட்டுகிறது. அது 230ம் அல்ல, சுழியும் அல்ல. அதே இடத்தில் ஒரு பழைய முள் மீட்டரை வைத்துப் பார்த்தால், முள் சற்றே நடுங்கிச் சுழியருகே நின்றுவிடுகிறது. இரண்டு மீட்டர்களும் பழுதில்லாதவை. எதை நம்புவது?

இந்த வினாவுக்கு விடை காண, மின்சாரத்தை அளக்க மனிதன் எடுத்துக்கொண்ட இருநூறு ஆண்டு முயற்சியை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு மீட்டர் வாங்குபவர் ஏமாறமாட்டார். அதைவிட முக்கியமாக, விபத்துக்கும் உள்ளாகமாட்டார்.

முள் பிறந்த கதை

1820ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் ஹான்ஸ் கிறிஸ்டியன் அர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் யோகான் ஷ்வைகர், கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றி நடுவில் ஊசியை வைத்தால் அந்த விளைவு பன்மடங்காகும் என்று காட்டினார். அந்தக் கருவியின் வழிவந்ததுதான் கால்வனாமீட்டர்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியும் ஓர் ஊசியை அசைக்கிறது. எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு மின்னோட்டம். இதை வைத்துக்கொண்டு கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம் ஆராய்ச்சியில் இறங்கினார். அக்காலத்து மின்கலங்கள் நிலையாக இரா. தொடங்கும்போது ஓர் அழுத்தம், சற்று நேரத்தில் வேறோர் அழுத்தம். ஆகவே ஓம், செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இரு சந்திப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான ஒரு மின் மூலத்தை உண்டாக்கிக்கொண்டார். இந்த முன்னெச்சரிக்கையின் பயன்தான் 1827இல் அவர் வெளியிட்ட நூலில் நாம் இன்று ஓம் விதி என்று படிக்கும் விதி. நல்ல அளவை என்பது கருவியோடு முடிவதில்லை, அளப்பவரின் எச்சரிக்கையும் சேர்ந்ததே அது என்பதற்கு இது முதற்சான்று.

கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து அளவிடும் கருவியை வெளியே இழுத்து வந்தது தந்தி. இந்தியாவில் வில்லியம் ஓஷாக்னசி 1839இல் கல்கத்தாவில் சோதனைத் தந்திக் கம்பியை அமைத்தார். 1850களின் நடுவில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் தந்தியால் இணைந்தன. நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள கம்பி ஓரிடத்தில் அறுந்து தரையைத் தொட்டால், அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்தடையை அளந்துதான். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். அங்கே செல்லும் ஒரு கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 8 ஓம் என்று கொள்வோம். கம்பி எங்கோ நன்றாகத் தரையைத் தொட்டுவிட்டது. கடலூர் முனையில் அளந்தால் 160 ஓம் வருகிறது. 160ஐ 8ஆல் வகுத்தால் 20. ஆகவே பழுது ஏறத்தாழ இருபதாவது கிலோமீட்டரில், அதாவது புதுச்சத்திரம் பக்கம் இருக்க வேண்டும். முழுத் தூரமும் நடந்து தேட வேண்டியதில்லை. நடைமுறையில், கம்பி தரையைத் தொடும் இடத்திலும் ஒரு தடை இருக்கும். அதையும் கணக்கிட வேண்டும். இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றிய லூயி ஷ்வெண்ட்லர், தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்கான நெறிமுறைகளை ஒரு நூலாகவே எழுதினார்.

அளவை பெருகியபோது அலகுகளில் குழப்பம் வந்தது. நாட்டுக்கு நாடு வெவ்வேறு அலகுகள் இருந்தன. 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியலாளர் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகியவற்றைப் பொது அலகுகளாக ஏற்றது.

மூன்று கருவிகள் ஒரு பெட்டிக்குள்

1882இல் பிரான்சு நாட்டில் தார்சோன்வாலும் தெப்ரேயும் கால்வனாமீட்டரைத் தலைகீழாக்கினார்கள். காந்தத்தை அசையாமல் நிறுத்தி, அதன் நடுவே ஒரு சிறு கம்பிச் சுருளை அசையவிட்டார்கள். இதனால் பூமியின் காந்தப்புலமும் பக்கத்து இரும்புச் சாமான்களும் கருவியை ஏமாற்றுவது குறைந்தது. எட்வர்ட் வெஸ்டன் இதனை மெல்லிய விற்சுருளும் முள்ளும் கொண்ட, கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியாக 1880களின் இறுதியில் செம்மைப்படுத்தினார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்க்கும் அம்மீட்டரும் வோல்ட்மீட்டரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆயினும் பழுது பார்க்கச் செல்பவர் மூன்று கருவிகளைச் சுமக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்கடி இதில் சலிப்புற்றார். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி அவர் வகுத்த கருவி 1923இல் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஏவோ' மீட்டர் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே சுருள் மூன்று அளவுகளை எப்படி அளக்கும்? உண்மையில் சுருள் அறிவது மின்னோட்டம் ஒன்றைத்தான். மிகுதியான மின்னோட்டத்தை அளக்க, பெரும்பகுதியை ஒரு சிறு தடையின் வழியே பக்கவாட்டில் திருப்பிவிடுகிறோம். மின்னழுத்தத்தை அளக்க, சுருளுடன் ஒரு பெரிய தடையைத் தொடராக இணைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்கிறோம். மின்தடையை அளக்க, பெட்டிக்குள்ளே உள்ள மின்கலத்திலிருந்து மின்னோட்டத்தைச் செலுத்தி, எவ்வளவு போகிறது என்று பார்க்கிறோம். நடுவிலுள்ள குமிழைத் திருப்பும்போது இந்த உள் இணைப்புகள்தாம் மாறுகின்றன. இன்றைய டிஜிட்டல் மீட்டரின் குமிழும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஏவோ மீட்டரின் எட்டாம் மாதிரி 1951இல் தொடங்கி 2008 வரை உற்பத்தியில் இருந்தது. நம் நாட்டிலும் நாசிக்கின் மோட்வானே போன்ற நிறுவனங்கள் மல்டிமீட்டர்கள் செய்தன. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதல் சிறு நகரத்து வானொலிப் பட்டறை வரை, பல தலைமுறைகள் மின்சாரத்தை முள்ளின் அசைவாகவே கண்டன. அளவுகோலின் அடியில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி ஒற்றைக் கண்ணால் நேர்மேலிருந்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு தவறும். முள் மீட்டரை வாசிப்பதே ஒரு பயிற்சியாக இருந்தது.

மீட்டரின் தாகம்

முள்ளை அசைக்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை மீட்டர் எங்கிருந்து பெறுகிறது? நாம் அளக்கும் மின்சுற்றிலிருந்துதான். அதாவது, அளப்பதற்காக வைத்த கருவியே சுற்றிலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தைக் குடித்துவிடுகிறது. குடத்து நீரின் சூட்டை அறியக் கையை விடலாம். ஒரு கரண்டி நீரின் சூட்டை அறியக் கையை விட்டால், கையே நீரின் சூட்டை மாற்றிவிடும் அல்லவா?

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு 9 வோல்ட் மின்கலத்தின் குறுக்கே, 10 லட்சம் ஓம் தடை இரண்டைத் தொடராக இணையுங்கள். 10 லட்சம் ஓம் என்பது ஒரு மெகா ஓம். இரண்டும் சமம் என்பதால், ஒரு தடையின் இரு முனைகளுக்கிடையே 4.5 வோல்ட் இருக்க வேண்டும். இனி ஒவ்வொரு மீட்டராக வைத்துப் பார்ப்போம்.

வோல்ட்டுக்கு 1,000 ஓம் என்ற பழைய மீட்டரை 10 வோல்ட் நிலையில் வைத்தால், அதன் தடை 10,000 ஓம். அது காட்டுவது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற நல்ல முள் மீட்டரின் தடை அதே நிலையில் 2 லட்சம் ஓம். அது சுமார் 1.3 வோல்ட் காட்டும். ஒரு மெகா ஓம் உள்தடை கொண்ட மலிவான டிஜிட்டல் மீட்டர் 3.0 வோல்ட் காட்டும். 10 மெகா ஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டர் ஏறத்தாழ 4.29 வோல்ட் காட்டும்.

சுற்று ஒன்றே, காட்டும் விடைகள் நான்கு. எந்த மீட்டரும் பொய் சொல்லவில்லை. தான் வந்து சேர்ந்தபின் அந்த இடத்தில் என்ன அழுத்தம் இருந்ததோ அதை ஒவ்வொன்றும் ஒழுங்காகவே சொல்லிற்று. ஆகவே மல்டிமீட்டரின் வரலாற்றை, மீட்டரின் தாகத்தைக் குறைக்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறு என்றே சொல்லிவிடலாம்.

எண் வந்தது

வெற்றிடக் குழாய்கள் வந்தபின், முள்ளை அசைக்கும் ஆற்றலைச் சுற்றிலிருந்து எடுக்காமல், தனி மின் மூலத்திலிருந்து கொடுக்க முடிந்தது. அத்தகைய வோல்ட்மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம் அளவுக்கு உயர்ந்தது. ஆனால் கண்ணால் முள்ளை வாசிக்கும் தொல்லை நீங்கவில்லை.

1950களின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஆண்ட்ரு கே என்பவர், தாம் தொடங்கிய நான்-லீனியர் சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் எண்ணாகவே விடை காட்டும் வோல்ட்மீட்டரை உருவாக்கினார். தெரிந்த அழுத்தங்களைப் படிப்படியாக மாற்றி, தெரியாத அழுத்தத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும் இடத்தை அது தானே தேடிக்கொண்டது. தராசில் எடைக்கற்களை மாற்றி மாற்றி வைப்பது போன்றதுதான் இது. அக்கருவிகள் மேசையில் இடம் பிடிக்கும் பெரிய பெட்டிகள், விலையும் அதிகம்.

அதன்பின் பரவலான வேறொரு முறையே இன்று நீங்கள் வாங்கும் சாதாரண மீட்டர்கள் பலவற்றில் உள்ளது. அதை ஒரு பானையைக் கொண்டு விளக்கலாம். எவ்வளவு நீர் வருகிறது என்று தெரியாத ஒரு குழாயின் கீழே பானையை வையுங்கள். சரியாக ஒரு நிமிடம் நீர் பிடியுங்கள். பிறகு குழாயை மூடிவிட்டு, அளவு தெரிந்த வேகத்தில் நீரை வெளியேற்றுங்கள். பானை காலியாக எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே குழாயின் வேகத்தைச் சொல்லிவிடும்.

மீட்டரில் பானையின் இடத்தில் ஒரு மின்தேக்கி இருக்கிறது. அளக்கவேண்டிய அழுத்தம் அதைக் குறித்த நேரம் நிரப்புகிறது. அளவு தெரிந்த அழுத்தம் அதைக் காலியாக்குகிறது. இம்முறையின் அழகு என்னவென்றால், பானை சற்றுப் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் விடை மாறாது. நிரப்பியதும் அதே பானை, காலியாக்கியதும் அதே பானை அல்லவா? கடிகாரம் சற்று வேகமாக ஓடினாலும் அப்படியே. தெரிந்த அழுத்தம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

1970களின் பிற்பகுதியில் இந்த வேலை முழுவதையும் இன்டர்சில் நிறுவனம் 7106 என்ற ஒரே ஒரு சில்லுக்குள் அடக்கியது. நமது மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுவது. சில்லின் கடிகாரத்தை விநாடிக்கு 40,000 துடிப்பு என்று வைத்தால், 'பானை நிரம்பும்' நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்காகிறது. அதற்குள் வீட்டு மின்சாரம் சரியாக ஐந்து முறை ஊசலாடி முடிக்கிறது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், பக்கத்துக் கம்பிகளிலிருந்து வரும் தொந்தரவு நேர்மின் அளவீட்டில் பெரும்பாலும் மறைந்துவிடும். 1977இல் ஃப்ளூக் நிறுவனத்தின் 8020ஏ என்ற கையடக்க மீட்டர் வந்தது. அன்று பொறியாளர்கள் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த கருவி, இன்று மாணவர் ஒருவர் சில நூறு ரூபாய்க்கு வாங்கக்கூடியதாகிவிட்டது.

கடைக்குச் செல்லும்முன்

சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலோ, கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரின் லாரன்ஸ் சாலையிலோ நீங்கள் ஒரு மீட்டர் வாங்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் எண்களின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். '3½ இலக்கம்' என்றால், மீட்டர் 0 முதல் 1999 வரை காட்டும். கடைசி மூன்று இடங்களில் எந்த எண்ணும் வரலாம். முதல் இடத்தில் 1 மட்டுமே வரலாம் அல்லது வெறுமையாக இருக்கலாம். அதனால்தான் அந்த இடத்துக்கு 'அரை' என்று பெயர்.

அடுத்து, துல்லியம். உறையில் '0.5 விழுக்காடும் 2 இலக்கமும்' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 20 வோல்ட் நிலையில் மின்கலம் 9.00 காட்டுகிறது. 9 வோல்ட்டில் 0.5 விழுக்காடு 0.045. இரண்டு இலக்கம் என்பது 0.02. ஆகப் பிழை 0.065 வரை இருக்கலாம். உண்மையான அழுத்தம் 8.935க்கும் 9.065க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதே 9.00 என்பதன் பொருள். முள் மீட்டர் தன் ஐயத்தை முள்ளின் பருமனிலேயே காட்டிவிடும். எண்ணோ ஐயமே இல்லாதது போல நிற்கும். மாணவர்கள் இதில்தான் மயங்குகிறார்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. நல்ல மீட்டரின் முகப்பில் 'கேட்' என்ற சொல்லும் அதன்பின் 2, 3, 4 என்ற எண்ணில் ஒன்றும் அச்சிட்டிருக்கும். வீட்டுச் சுவர்ச் செருகியில் சொருகும் சாதனங்களுக்கு 2. வீட்டு விநியோகப் பலகைக்கு 3. தெருவிலிருந்து மின்சாரம் வந்து சேரும் இடத்துக்கு 4. எண் கூடக்கூட, திடீரெனப் பாயும் மின் எழுச்சியைத் தாங்கும் திறன் கூட வேண்டும். அச்சிட்டிருப்பதாலேயே தரமுண்டு என்றும் எண்ணிவிடாதீர்கள். தடித்த, வெடிப்பில்லாத ஒயரும், விரல் வழுக்காமல் தடுக்கும் விளிம்புள்ள பிடியும், பெரிய பீங்கான் ஃபியூஸும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலிவான மீட்டர்கள் சிலவற்றில், 10 ஆம்பியர் துளையின் பக்கத்திலேயே 'ஃபியூஸ் இல்லை' என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் போட்டிருப்பார்கள். அத்தகைய மீட்டர் மின்கலச் சோதனைகளுக்கு ஏற்றது. வீட்டு மின்சாரத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

வாங்கி வந்தபின்

வீட்டுக்கு வந்ததும் நாம் மேலே கணக்கிட்ட சோதனையைச் செய்யுங்கள். ஒரு 9 வோல்ட் மின்கலமும், ஒரு மெகா ஓம் தடைகள் இரண்டும் போதும். செலவு மிகச் சிறிது, ஆபத்தும் இல்லை. மின்கலத்தின் அழுத்தத்தை முதலில் அளந்து குறித்துக்கொண்டு, பிறகு ஒரு தடையின் குறுக்கே அளங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு காட்டினால் உங்கள் மீட்டரின் உள்தடை ஒரு மெகா ஓம். பாதிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் 10 மெகா ஓம். விற்பனையாளர் சொல்லாத ஒன்றை மீட்டரே உங்களுக்குச் சொல்லிவிடும்.

பிறகு இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொட்டுத் தடையை அளங்கள். சுழி வராது, சில பத்தில் ஒரு பங்கு ஓம் வரும். அது ஒயர்களின் தடை. சிறிய தடைகளை அளக்கும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். தடையையும் தொடர்ச்சியையும் அளக்கும்போது சுற்றில் மின்சாரம் இருக்கவே கூடாது.

புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஒருநாள் மின்னோட்டத்தை அளந்துவிட்டு, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிடுகிறார்கள். மறுநாள் குமிழை வோல்ட்டுக்குத் திருப்பிச் சுவர்ச் செருகியில் குச்சிகளை வைக்கிறார்கள். குமிழ் எங்கே இருந்தாலும், அந்தத் துளைக்கும் பொதுத் துளைக்கும் நடுவே இருப்பது ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவேயான தடித்த கம்பித் துண்டு. 230 வோல்ட்டின் குறுக்கே இரும்பு ஆணியை வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கையிலிருக்கும் மீட்டரே வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும், குச்சியைத் தொடுமுன் ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தைத் தனியாக அளக்க முற்படாதீர்கள். பயிற்சி பெற்ற ஒருவரின் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

87 வோல்ட்டின் மர்மம்

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். சுவருக்குள் ஒரே குழாயில் பல கம்பிகள் அருகருகே பத்து மீட்டர் தூரம் ஓடுகின்றன. ஒன்றில் மின்சாரம் இருக்கிறது. மற்றொன்று எதனோடும் இணையாமல் கிடக்கிறது. இரண்டு கடத்திகள், நடுவே காப்பு. இது ஒரு சிறு மின்தேக்கி அல்லவா? மாறுமின்னோட்டம் அதன் வழியே மிகச் சிறிதளவு கசியும். அதன் அளவு ஒரு மில்லி ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு போல இருக்கலாம்.

இந்தக் கசிவைத் தாகமுள்ள முள் மீட்டர் ஒரே மடக்கில் குடித்துவிடும். முள் அசைவதற்கு அது போதாது. ஆனால் 10 மெகா ஓம் உள்தடை கொண்ட டிஜிட்டல் மீட்டருக்குத் தாகமே இல்லை. ஆகவே அந்தச் சிறு கசிவே அதன் முனைகளில் பல பத்து வோல்ட் அழுத்தத்தைக் காட்டிவிடுகிறது. இதைப் பேய் வோல்ட் என்று கைவினைஞர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எந்தத் தாகத்தைக் குறைக்க நூறாண்டு பாடுபட்டோமோ, அந்தத் தாகம் இங்கே பயனுள்ளதாகிறது. அதனால்தான் இக்காலத்து உயர்ந்த மீட்டர்கள் சிலவற்றில், வேண்டுமென்றே உள்தடையைக் குறைத்துக்கொள்ளும் 'லோ இசட்' என்ற நிலையைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய எலக்ட்ரீசியன்கள் குண்டு பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்பை விடாமல் வைத்திருந்ததற்கும் காரணம் இதுவே. பேய் வோல்ட்டால் பல்பை எரியவைக்க முடியாது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, "87 என்றால் பேய்தான், தொடலாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அறுந்த நியூட்ரலும் பழுதான காப்பும் இதே போன்ற எண்களைத் தரக்கூடும். அவை உயிரைப் பறிக்கும். எந்த எண்ணாயினும் சுழி அல்லாதவரை, கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

சுழி காட்டினால்? அப்போதும் உடனே நம்பக் கூடாது. மீட்டருக்குள் இருக்கும் மின்கலம் தீர்ந்திருக்கலாம். ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். குமிழ் நேர்மின் நிலையில் இருக்கலாம். சற்றுமுன் கண்ட பானை முறையில், நேர்மின் நிலையிலுள்ள மீட்டர் 230 வோல்ட் மாறுமின்சாரத்தையும் சுழியென்றே காட்டிவிடும். இதற்குத் தொழில் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் முறை மூன்று படிகள் கொண்டது. மின்சாரம் இருப்பதாக நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் முதலில் மீட்டரைச் சோதிப்பார்கள். பிறகு ஐயத்துக்குரிய கம்பியைச் சோதிப்பார்கள். மீண்டும் முதல் இடத்துக்கே வந்து, மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றும் முடிந்தபின்தான் கம்பியில் கை வைப்பார்கள். தெருவில் அறுந்து விழுந்த கம்பியோ எந்தச் சோதனைக்கும் உரியதன்று. விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் யார்?

கடைசியாக ஒன்று. உங்கள் மீட்டருக்குள் 'தெரிந்த அழுத்தம்' ஒன்று இருக்கிறது என்றோம். அது சரியானது என்று யார் சொன்னது? தொழிற்சாலையில் உள்ள சிறந்த மீட்டரோடு அதை ஒப்பிட்டிருப்பார்கள். அந்த மீட்டரை அதைவிடச் சிறந்ததோடு ஒப்பிட்டிருப்பார்கள். இந்தச் சங்கிலி நம் நாட்டில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் போய் முடிகிறது. 1950இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்.

முன்பு வோல்ட்டின் அளவை, வெஸ்டன் வகுத்த ஒரு வகை மின்கலங்களில் காத்து வைத்திருந்தார்கள். 1962இல் பிரையன் ஜோசப்சன் முன்னறிந்து சொன்ன ஒரு குவாண்டம் விளைவு அதை மாற்றியது. மிகக் குளிரூட்டிய மீகடத்திச் சந்திப்பில் நுண்ணலை பாய்ந்தால், அதன் அதிர்வெண்ணுக்கேற்ற துல்லியமான அழுத்தம் தோன்றுகிறது. ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 4,83,597.8 கிகா ஹெர்ட்ஸ். 2019ஆம் ஆண்டு மே 20 முதல், பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் மாறாத எண்களாக வரையறுக்கப்பட்டுவிட்டன. வோல்ட் இப்போது இயற்கையின் மாறிலிகளையே பற்றி நிற்கிறது.

எனினும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி உங்கள் கையில்தான் இருக்கிறது. எந்தத் துளையில் ஒயரைச் சொருகினீர்கள், குமிழை எங்கே வைத்தீர்கள், முன்னும் பின்னும் சோதித்தீர்களா என்பதைத் தில்லியிலிருந்து யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அடுத்த புயல் கடலூர்க் கரைக்கு வரும் நாளில், ஒரு கம்பியைக் காட்டி உங்கள் வீட்டார் கேட்கக்கூடும். அன்று பதில் சொல்லும்முன் மூன்று முறை சோதியுங்கள். ஐயம் மிஞ்சினால், இருக்கிறது என்றே சொல்லுங்கள்.